தைராய்டு மாத்திரையோடு மூலிகை: எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. நான்கு மாதம் முன்பு தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, கிரேவ்ஸ் நோய் என்று சொன்னார்கள். சுரப்பைக் குறைக்க கார்பிமசோல் தினமும் 20 மி.கி., படபடப்புக்கு புரோப்ரனலால் 40 மி.கி. கொடுத்தார்கள். ஆறாவது வாரம் ரத்தப் பரிசோதனையில் நல்ல முன்னேற்றம் இருந்தது. அதன் பிறகு, தூக்கம் சரியில்லை என்று சித்தி கொடுத்த அஸ்வகந்தா கேப்ஸ்யூல் (600 மி.கி.) இரவில் சாப்பிட ஆரம்பித்தேன். தைராய்டுக்கு நல்லது என்று படித்துவிட்டு லெமன் பாம் என்ற மூலிகையின் சொட்டு மருந்தும் மாலையில் எடுக்கிறேன். முடி கொட்டுவதால் காலையில் ஒரு வைட்டமின் மாத்திரையும் உண்டு, ஆனால் அது மூலிகை இல்லை. போன மாதம் ரிப்போர்ட்டில் ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோன் அளவு) மறுபடி ஏறிவிட்டது, டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், சுரப்பு அதிகமானால் இது இறங்கும்) கிட்டத்தட்ட பூஜ்யம். டாக்டர் கார்பிமசோலை 30 ஆக்கிவிட்டார். எனக்கோ படபடப்பு போய்விட்டது, எடை 4 கிலோ கூடியிருக்கிறது, எப்போதும் குளிர்கிறது, ஒரே அசதி, மலச்சிக்கல். திட்டுவாரோ என்ற பயத்தில் டாக்டரிடம் மூலிகை பற்றிச் சொல்லவில்லை. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முழுக்க மூலிகைக்கே மாறிவிடலாமா? அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ளவும் ஆசை இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். கார்பிமசோலை நீங்களாகக் குறைக்க வேண்டாம், நிறுத்த வேண்டாம். கிரேவ்ஸ் நோயில் மாத்திரையை விட்டுவிட்டு மூலிகையை மட்டும் நம்புவது ஆபத்து, ஏன் என்று கீழே எழுதுகிறேன். ஆனால் இப்போது நீங்கள் சாப்பிடும் 30 மி.கி. உங்கள் உடம்புக்கு அதிகமாகிவிட்டதோ என்ற சந்தேகமும் எனக்கு வலுவாக இருக்கிறது. அதைச் சரிபார்த்து அளவை மாற்ற வேண்டியது உங்கள் டாக்டர்தான், அதுவும் அவர் முழு விவரமும் தெரிந்த பிறகு. அதனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை என் கண் அஸ்வகந்தாவில் நின்றுவிட்டது. இரண்டாவது முறை படிக்கும்போதுதான், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அந்த 'முடிக்கு ஒரு வைட்டமின் மாத்திரை' உறைத்தது. அந்த டப்பாவை எடுத்து, பின்பக்கம் 'பயோட்டின்' என்று எழுதியிருக்கிறதா, எத்தனை மைக்ரோகிராம் அல்லது மில்லிகிராம் என்று பாருங்கள். முடிக்கு, நகத்துக்கு என்று விற்கும் மாத்திரைகள் பெரும்பாலானவற்றில் அது இருக்கும். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். இந்த மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று இருப்பது சாதாரணம், அதாவது தேவையைப் போல 150 மடங்குக்கு மேல், 300 மடங்குக்கு மேல்.

அது உங்கள் தைராய்டை ஒன்றும் செய்யாது. உங்கள் ரத்தப் பரிசோதனையைத்தான் கெடுக்கும்.

எப்படி என்று சொல்கிறேன். பல லேப்களில் உள்ள இயந்திரங்கள் ஹார்மோனை அளக்க பயோட்டினையே ஒரு கொக்கி மாதிரிப் பயன்படுத்துகின்றன. ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பயோட்டினைக் கண்டால் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும், அந்தப் பிடியை நம்பித்தான் சோதனையே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிறைய மிதந்துகொண்டிருந்தால் கொக்கி மாட்ட வேண்டிய இடங்களை அது போய் அடைத்துக்கொள்ளும். அப்போது டிஎஸ்எச் இருக்கிற அளவை விடக் குறைவாகக் காட்டும், ஃப்ரீ டி4, ஃப்ரீ டி3 என்ற தைராய்டு ஹார்மோன்கள் இரண்டும் இருக்கிற அளவை விட அதிகமாகக் காட்டும், ஏனென்றால் அந்த இரண்டு வகைச் சோதனைகளும் எதிரெதிரான முறையில் வேலை செய்கின்றன. கிரேவ்ஸ் நோய்க்கான ஆன்டிபாடி சோதனைகூட பொய்யாக பாசிட்டிவ் வரலாம். சேர்த்துப் பார்த்தால், தைராய்டு எகிறிப்போய் இருக்கிற ஒருவருடைய ரிப்போர்ட் மாதிரியே அச்சு அசலாக வரும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2017ல் பயோட்டின் ரத்தப் பரிசோதனைகளை இப்படிக் குழப்புவது பற்றிப் பொதுவாகவே எச்சரிக்கை விடுத்தது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனை பொய்யாகக் குறைத்துக் காட்டியதால் ஓர் உயிர் போனது அந்த எச்சரிக்கையிலேயே இருக்கிறது.

இப்போது உங்கள் நிலைமையைப் பாருங்கள். ரிப்போர்ட் 'அதிகம்' என்கிறது. உடம்போ குளிர், அசதி, மலச்சிக்கல், எடை ஏற்றம் என்று நேர் எதிர்ப்பக்கம் பேசுகிறது, தைராய்டு குறைந்துபோனால் வருகிற அறிகுறிகள் இவை. படபடப்பு இல்லாததை மட்டும் நான் ஆதாரமாக எடுக்க மாட்டேன், புரோப்ரனலால் சாப்பிடுகிறவருக்கு ஹார்மோன் அதிகமாக இருந்தாலும் நாடி அடங்கித்தான் இருக்கும். ஆனால் குளிரையும் மலச்சிக்கலையும் புரோப்ரனலால் மட்டும் இவ்வளவு தூரம் கொண்டுவராது. அதனால்தான் சந்தேகப்படுகிறேன்: பொய்யாக ஏறிய ரிப்போர்ட்டைப் பார்த்து உங்கள் டாக்டர் நல்லெண்ணத்தோடு மருந்தைக் கூட்டிவிட்டார், அதனால் உண்மையான அளவு தேவைக்குக் கீழே இறங்கிவிட்டது. நிச்சயமாகச் சொல்ல வேண்டுமானால் சரியான முறையில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இதே தவறை நானே செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு நோயாளிக்கு இரண்டு தடவை தொடர்ந்து மருந்தைக் கூட்டினேன். 'வேறு மாத்திரை ஏதாவது?' என்று கேட்டபோது இல்லை என்றுதான் சொன்னார், அவர் மனதில் முடி மாத்திரை மாத்திரைக் கணக்கிலேயே வரவில்லை. மூன்றாவது முறை வரும்போது முகம் ஊதி, குரல் தடித்துப் போயிருந்தது. அவர் கைப்பையைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் மேசையில் வைக்கச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. அன்றிலிருந்து நான் 'மாத்திரை' என்று கேட்பதில்லை. வாய் வழியாகப் போகிற சொட்டு, பொடி, டீ, லேகியம், கம்மி மிட்டாய் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்கிறேன். உங்கள் டாக்டர் அப்படிக் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், இல்லையென்றால் இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் எனக்கு நோயே இல்லையோ' என்று தோன்றக்கூடும். நோய் கண்டுபிடித்தபோது நீங்கள் முடி மாத்திரை சாப்பிடவில்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன், மருந்து ஆரம்பித்து ஆறு வாரத்தில் முன்னேற்றமும் தெரிந்தது. அதனால் கிரேவ்ஸ் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் போன மாத ரிப்போர்ட் மேல் மட்டும்தான்.

சரி, அஸ்வகந்தாவுக்கு வருவோம், அதுவும் சின்ன விஷயம் இல்லை.

நாம் எல்லோரும் 'எனக்குத் தைராய்டு இருக்கிறது' என்றுதான் சொல்கிறோம். அந்த ஒரு வார்த்தைக்குள் இரண்டு எதிரெதிர் நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒருவருக்குச் சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கும், இன்னொருவருக்கு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். தூங்குகிறவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், அதனால் 'தைராய்டுக்கு நல்லது' என்று எங்கே எதைப் படித்தாலும் பெரும்பாலும் அவர்களை மனதில் வைத்து எழுதியதாகவே இருக்கும். அதை ஓடிக்கொண்டிருக்கும் சுரப்பிக்குக் கொடுத்தால் சாட்டையால் அடித்த மாதிரி ஆகும். ஒரு மூலிகை இயற்கையானதா, ரசாயனமா என்ற கேள்வி இங்கே உதவவே உதவாது. அது சுரப்பியை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நம் மொழியில் அமுக்கரா என்று சொல்கிற அஸ்வகந்தா மேலே தள்ளும். 2018ல் வெளியான ஓர் ஆய்வில், தைராய்டு லேசாகக் குறைந்திருந்த 50 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அஸ்வகந்தா வேர்ச் சாறு தினமும் 600 மி.கி. வீதம் எட்டு வாரம் கொடுத்தார்கள். டி3, டி4 இரண்டும் ஏறின, டிஎஸ்எச் இறங்கியது. நீங்கள் சாப்பிடுகிற அளவும் அதே 600 தான் என்பதைக் கவனியுங்கள். சுரப்பு குறைந்தவருக்கு அது நல்ல செய்தி, உங்களுக்கு நேர் மாறான செய்தி. அஸ்வகந்தா சாப்பிட்டதால் தைராய்டு ஹார்மோன் எகிறி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் குறிப்புகள் வந்திருக்கின்றன, நிறுத்தியதும் இறங்கியிருக்கிறது. டென்மார்க் 2023ல் இதைத் தடையே செய்தது, அதற்குச் சொன்ன காரணங்களில் தைராய்டு ஹார்மோன் மீதான தாக்கமும் ஒன்று.

ஆக, போன மாத ரிப்போர்ட்டில் ஏறிய ஃப்ரீ டி4 பாதி பயோட்டினின் பொய்யாகவும் பாதி அஸ்வகந்தாவின் உண்மையாகவும்கூட இருக்கலாம். இரண்டையும் ஒரே காலத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எந்த டாக்டராலும் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் மருந்தின் அளவை ஊகத்தில் மாற்ற வேண்டியிருக்கும், அந்த ஊகத்தின் விலையை உங்கள் உடம்பு கொடுக்கும்.

கல்லீரல் விஷயமும் இருக்கிறது. கார்பிமசோல் அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கும். அஸ்வகந்தாவும் சிலருக்கு மஞ்சள் காமாலை வரை கொண்டுபோயிருக்கிறது, பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. செறிவூட்டிய கிரீன் டீ கேப்ஸ்யூல், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல் இவற்றுக்கும் அந்தக் குணம் உண்டு. கார்பிமசோலையும் அஸ்வகந்தாவையும் சேர்த்துச் சாப்பிடும்போது கண் மஞ்சளானால், சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால், உடம்பெல்லாம் அரித்தால், எது காரணம் என்று தெரியாமல் உங்களுக்கு மிக அவசியமான மருந்தைத்தான் முதலில் நிறுத்த வேண்டி வரும். சித்தி உங்கள் மேல் உள்ள அன்பினால் கொடுத்தார், அவருக்கு உங்களுக்கு எந்த வகைத் தைராய்டு என்று தெரிந்திருக்க நியாயம் இல்லை. இன்றோடு அஸ்வகந்தாவை நிறுத்திவிடுங்கள். இதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை.

லெமன் பாம் வேறு கதை. இந்த நோய்க்கு என்று மேற்கத்திய மூலிகை மருத்துவத்தில் மூன்று செடிகளைச் சொல்வார்கள்: லெமன் பாம், பகிள்வீட், மதர்வோர்ட். தள்ளுகிற திசையாவது இவற்றில் சரியாக இருக்கிறது. கிரேவ்ஸ் நோயில் நம் உடம்பே தயாரிக்கும் ஓர் ஆன்டிபாடி, தைராய்டு செல்லின் மேல் டிஎஸ்எச் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, 'சுரந்துகொண்டே இரு' என்று சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. லெமன் பாம், பகிள்வீட் சாறுகள் அந்த ஆன்டிபாடி ஒட்டுவதைக் குறைக்கின்றன என்று 1980களில் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். ஆனால் அது சோதனைக் குழாயில். நோயாளிகளிடம், போதுமான எண்ணிக்கையில், கார்பிமசோலோடு ஒப்பிட்டு நிரூபித்த நல்ல ஆய்வு ஒன்றுகூட என் கையில் இல்லை. ஜெர்மனியில் மூலிகை மருந்துகளை மதிப்பிட்ட கமிஷன் இ என்ற நிபுணர் குழு பகிள்வீட்டைத் தைராய்டுக்கு ஏற்றுக்கொண்டதுகூட லேசான தைராய்டு மிகைச் சுரப்புக்கும் அதனால் வரும் பதற்றத்துக்கும் மட்டும்தான். உங்களுக்கு இருப்பது லேசானது இல்லை.

அதனால் என் தீர்ப்பு இது. லெமன் பாம் இலையில் போட்ட டீ ஒரு கப், மாலையில், மனசுக்கு இதமாக இருக்கிறது என்று குடித்தால் நான் தடுக்க மாட்டேன். லேசாகத் தூக்கம் வரும், அவ்வளவுதான். செறிந்த சொட்டு மருந்து வேண்டாம், குறைந்தபட்சம் உங்கள் அளவுகள் நிலைக்கு வந்து சில மாதங்கள் ஆகும்வரை. ஏற்கெனவே உங்கள் ஹார்மோன் கீழே போயிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறோம், அதே பக்கம் தள்ளக்கூடிய இன்னொன்றை இப்போது சேர்ப்பது சரியில்லை. மருந்தின் அளவைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வேண்டிய காலம் இது, இந்த நேரத்தில் தராசில் எவ்வளவு குறைவாகப் பொருள் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

இனி, மாத்திரையை விட்டு முழுக்க மூலிகைக்கு மாறுவது பற்றி. மருந்து ஆரம்பித்த முதல் மாதத்தில் இந்த எண்ணம் வராத நோயாளியை நான் பார்த்ததில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கார்பிமசோல் புதிதாக ஹார்மோன் தயாரிப்பதைத் தடுக்கிறது, ஏற்கெனவே தயாரித்துச் சுரப்பிக்குள் சேர்த்து வைத்திருக்கும் சரக்கை அது தொடாது. அந்தச் சரக்கு பல வாரங்களுக்கு வரும். போதாததற்கு ரத்தத்தில் ஓடும் டி4 பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால் மருந்தின் பலன் முழுதாகத் தெரிய நான்கிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் தூக்கம் வராமல், கை நடுங்கிக்கொண்டு, 'இந்த மாத்திரை கேட்கவில்லை' என்று முடிவுக்கு வந்து, யாராவது நீட்டுகிற வேறொன்றைக் கையில் வாங்குகிறோம். பிறகு கார்பிமசோல் தன் நேரத்துக்கு வேலை செய்ய ஆரம்பிக்கும்போது பெயர் மூலிகைக்குப் போய்விடும்.

'இன்ன மூலிகை சாப்பிட்டேன், மூன்று மாதத்தில் தைராய்டு நார்மல்' என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. தைராய்டு மிகையாக இருப்பதற்கு கிரேவ்ஸ் மட்டும் காரணம் இல்லை. தைராய்டைடிஸ் என்று ஒன்று உண்டு, சுரப்பி வீங்கி, சேர்த்து வைத்த ஹார்மோன் ரத்தத்தில் கசியும். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வரும், பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் வரும். சரக்கு தீர்ந்ததும் சில வாரங்களிலோ இரண்டு மூன்று மாதங்களிலோ அந்த மிகை தானாக அடங்கிவிடும், எதைச் சாப்பிட்டாலும் அடங்கும், ஒன்றுமே சாப்பிடாவிட்டாலும் அடங்கும். அவர் அனுபவம் உண்மை, ஆனால் உங்கள் நோய்க்கு அது பொருந்தாது. கிரேவ்ஸிலும் ஒரு பகுதியினருக்கு நோய் அடங்கும் காலம் வரும். பொதுவாக 12 முதல் 18 மாதம் மருந்து கொடுத்து, ஆன்டிபாடி அளவைப் பார்த்து நிறுத்துவோம். அப்படி முறையாக நிறுத்தியவர்களிலேயே ஏறத்தாழ பாதிப் பேருக்குத் திரும்பி வந்துவிடுகிறது. நான்கே மாதத்தில் நீங்களாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மருந்தைத் திடீரென நிறுத்துவதால் வரும் மிக மோசமான விளைவு தைராய்டு புயல். கடும் காய்ச்சல், தறிகெட்டு ஓடும் இதயம், வாந்தி பேதி, மனக் குழப்பம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்தும் பத்தில் ஒருவரையாவது இழக்கிறோம். அது அடிக்கடி வருவதில்லை. அந்த அளவுக்குப் போகாமல், கட்டுப்படாத ஹார்மோன் சத்தமில்லாமல் இதயத்தின் தாளத்தைக் கெடுப்பதும் எலும்பைக் கரைப்பதும்தான் நான் அதிகம் பார்ப்பது.

மருந்து என்றாலே செயற்கை, மூலிகை என்றால் மென்மை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. 1928ல் அமெரிக்காவில், வேறு ஏதோ ஆராய்ச்சிக்காக முட்டைக்கோஸ் கொடுத்து வளர்த்த முயல்களுக்குக் கழுத்தில் தைராய்டு வீங்கியதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். தைராய்டை அடக்கும் பொருட்கள் இருக்கின்றன என்ற தேடல் அப்படித்தான் சூடுபிடித்தது. 1943ல் எட்வின் ஆஸ்ட்வுட் என்ற அமெரிக்க மருத்துவர் தயோயூரசில் என்ற பொருளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார், கார்பிமசோல் அந்தப் பாதையில் பின்னால் வந்தது. முதல் துப்பு ஒரு செடியிலிருந்துதான் கிடைத்தது. வித்தியாசம் என்னவென்றால், இன்று மாத்திரைக்குள் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று தெரியும், ஒவ்வொரு மாத்திரையிலும் அதே அளவு இருக்கும், கெடுதல் என்ன செய்யும் என்பதும் தெரியும். மூலிகைப் பாட்டிலில் இந்த மூன்றையும் நம்பிச் சொல்ல முடிவதில்லை. 'தைராய்டு சப்போர்ட்' என்று விற்ற 10 பொருட்களை அமெரிக்காவில் சோதித்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 9ல் உண்மையான டி3 ஹார்மோனே இருந்தது, லேபிளில் சொல்லாமல். உங்கள் நோய் உள்ள ஒருவர் அதைச் சாப்பிட்டால் நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான்.

அப்படி நீங்கள் தொடவே கூடாதவை வேறு சிலவும் உண்டு. கடற்பாசிப் பொடி, கெல்ப், பிளாடர்ராக் என்ற பெயர்களில் வருபவை எல்லாம் அயோடின் மூட்டைகள். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், சில கெல்ப் வகைகளில் ஒரு கிராமிலேயே ஆயிரத்துக்கு மேல் இருக்கும், அதுவும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். பின்னாளில் உங்களுக்கு ஸ்கேனோ ரேடியோ அயோடின் சிகிச்சையோ தேவைப்பட்டால் அந்த அயோடின் அதையும் கெடுத்துவிடும். குக்குலு, எடை குறைப்பு கேப்ஸ்யூல்களில் வரும் கோலியஸ் ஃபோர்ஸ்கோலி இரண்டும் சுரப்பியைத் தூண்டும் பக்கம் சாய்பவை. குவாரனா, கசப்பு ஆரஞ்சு, எஃபெட்ரா கலந்த எதுவும் இதயத்தை விரட்டும். அதிமதுரம் தொண்டைக்கு இதம்தான், ஆனால் தினமும் அதிகமாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் பொட்டாசியத்தை இறக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும், ஏற்கெனவே துடிப்புக் கோளாறுக்கு வாய்ப்புள்ள இதயத்துக்கு அது வேண்டாம். இதைப் படிக்கிற வேறு யாராவது துடிப்புக் கோளாறுக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவராக இருந்தால், எந்த மூலிகையையும் கேட்காமல் தொடாதீர்கள். தைராய்டு அளவு மாறும்போதே வார்ஃபரின் தேவையும் மாறும், அதன் மேல் இன்னொன்றைச் சேர்த்தால் கணக்கு தப்பிவிடும்.

நல்லதாக ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். மூலிகை இல்லை, ஆனால் செலீனியம் என்ற சத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. கிரேவ்ஸால் கண்ணில் லேசான பாதிப்பு வந்த 159 பேரிடம் ஐரோப்பாவில் நடத்திய ஆய்வு 2011ல் வெளிவந்தது, தினமும் 200 மைக்ரோகிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்ததில் கண்ணுக்குப் பலன் தெரிந்தது. கண் உறுத்தல், விழி துருத்துவது போன்றவை உங்களுக்கு இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக வாங்க வேண்டாம், அதிகமானால் செலீனியமே முடியைக் கொட்டவைக்கும். வீட்டில் யாராவது புகை பிடித்தால் விலகி இருங்கள், கண் பாதிப்பைக் கூட்டுவதில் அதற்கு நிகர் எதுவும் இல்லை.

முடி பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது உங்களை எவ்வளவு வருத்துகிறது என்று புரிகிறது. ஹார்மோன் ஏறும்போதும் கொட்டும், வேகமாக இறங்கும்போதும் கொட்டும். அளவு நிலைப்பட்டு சில மாதங்களில் பெரும்பாலானோருக்கு வளர்ந்துவிடும். பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்குப் பயோட்டின் கொடுத்துப் பயன் பெரிதாக இருக்காது. இரும்புச் சத்து, அதன் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அது இன்னும் உபயோகமான கேள்வி.

நீங்கள் கேட்காத ஒரு விஷயம், இந்தக் கடிதத்தில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கார்பிமசோல் சாப்பிடுகிற ஆயிரம் பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வெள்ளை அணுக்கள் திடீரென அடியோடு குறைந்துபோகலாம். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் வரும், பிறகும் வரலாம், அளவைக் கூட்டிய பிறகும் விழிப்பாக இருக்க வேண்டும். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண், இதுதான் அறிகுறி. அப்படி வந்தால் அடுத்த வேளை கார்பிமசோலைச் சாப்பிடாமல், அன்றைக்கே, இரவானாலும், ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தலாம் என்று நான் சொல்கிற ஒரே சந்தர்ப்பம் இதுதான், அதுவும் மருத்துவமனைக்குக் கிளம்பிக்கொண்டே. தொண்டை கரகரப்புதானே, ஒரு கஷாயம் வைத்துக் குடித்துப் பார்ப்போம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கஷாயத்தில் எந்தக் கெடுதலும் இல்லை, அது தின்ற இரண்டு நாள்தான் கெடுதல். எண்ணிக்கை நன்றாக இருந்தால் மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள்.

குழந்தை ஆசையைப் பற்றி: கட்டாயம் நடக்கும், ஆனால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லித் திட்டமிடுங்கள். கர்ப்பத்தின் முதல் வாரங்களில், குறிப்பாக 6 முதல் 10 வாரத்துக்குள், கார்பிமசோல் கருவைப் பாதிக்கும் வாய்ப்பு கொஞ்சம் இருக்கிறது, அதனால் அந்தக் காலத்துக்குப் புரோப்பில்தயோயூரசில் என்ற மருந்துக்கு மாற்றுவது வழக்கம். அந்த மாற்றத்தைக் கர்ப்பம் தெரிந்த பிறகு அவசரமாகச் செய்வதை விட முன்பே பேசி வைப்பது நல்லது. பகிள்வீட், மதர்வோர்ட், அஸ்வகந்தா மூன்றும் கர்ப்ப காலத்தில் கூடாது.

அப்புறம், டாக்டர் திட்டுவார் என்ற பயம். சில பேர் திட்டுவார்கள்தான், எங்கள் தொழிலில் அந்தக் குறை இருக்கிறது, மறுக்கவில்லை. அப்படித் திட்டுவதால்தான் நோயாளிகள் மறைக்கிறார்கள், மறைப்பதால்தான் நாங்கள் தப்பான அளவில் மருந்து எழுதுகிறோம். போகும்போது மூன்று டப்பாவையும் கையோடு எடுத்துப் போய் மேசையில் வைத்துவிடுங்கள். எந்தத் தேதியில் எதை ஆரம்பித்தீர்கள், ரத்தம் எடுத்த அன்று காலை முடி மாத்திரை சாப்பிட்டிருந்தீர்களா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 'போன ரிப்போர்ட்டைப் பயோட்டின் கெடுத்திருக்குமோ' என்று அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள். அவர் உடனே புரிந்துகொள்வார்.

மறு பரிசோதனைக்கு முன் பயோட்டினை நிறுத்தி குறைந்தது மூன்று நாள் ஆகியிருக்க வேண்டும், ஒரு வாரம் விட முடிந்தால் எனக்கு இன்னும் நிம்மதி. இன்று நிறுத்தினால் அடுத்த வாரமே ரத்தம் கொடுக்கலாம். டிஎஸ்எச் மட்டும் இன்னும் குறைவாக இருந்தால் கலங்க வேண்டாம், டி4 சரியாகி மாதக் கணக்கில் ஆனாலும் டிஎஸ்எச் எழுந்திருக்கத் தாமதமாகும், இப்போதைக்கு ஃப்ரீ டி4, ஃப்ரீ டி3 இரண்டையும்தான் பார்க்க வேண்டும். அஸ்வகந்தாவின் தாக்கம் போய்விட்டதா என்று தெரிய அதன் பிறகு நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து இன்னொரு தடவை பார்க்கச் சொல்வார்கள். அதுவரை கார்பிமசோல், புரோப்ரனலால் இரண்டையும் அவர் சொல்கிற அளவில், நேரம் தவறாமல்.

முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். எண்ணை மட்டும் அனுப்பாமல், பக்கத்தில் அந்த லேப் போட்டிருக்கும் இயல்பு வரம்பையும் சேர்த்து எழுதுங்கள்.